ஓடு விழும்வரை காத்திருக்கலாமா?

2021 டிசம்பர் 11 அன்று ஈரி ஏரிப் பக்கமிருந்து வீசிய புயற்காற்று, அமெரிக்காவின் பஃபலோ நகரத்தில் ஒரு பழைய தானியக் களஞ்சியத்தின் வடக்குச் சுவரைக் கிழித்துப் போட்டது. கிரேட் நார்தர்ன் என்பது அதன் பெயர். 1897-இல் கட்டியது. உள்ளே எஃகுக் குதிர்கள்; அவற்றைப் போர்த்தியபடி வெளியே செங்கல் சுவர். அந்தப் போர்வையில்தான் ஓட்டை விழுந்தது. மரபுச் சின்னம் என்று அந்தக் களஞ்சியத்துக்கு நகரமே பட்டம் கொடுத்திருந்தது. ஆனாலும் சில நாட்களில் அதே நகர நிர்வாகம் அவசர இடிப்பு ஆணையைப் பிறப்பித்தது. மரபு ஆர்வலர்கள் நீதிமன்றப் படியேறினார்கள். தடை, மேல்முறையீடு என்று மாதங்கள் ஓடின. 2022 செப்டம்பரில் இயந்திரங்கள் வந்தன. அடுத்த ஆண்டு அந்த இடத்தில் வெறும் மண்தான் மிச்சம்.

அந்த ஆணையைப் பிறப்பித்த துறை இயங்கும் கட்டடம், நயாகரா சதுக்கத்தில் நிற்கும் பஃபலோ மாநகராட்சி மாளிகை. அமெரிக்காவில் ஆர்ட் டெக்கோ பாணியில் எழுந்த அரசுக் கட்டடங்களில் முதல் வரிசையில் வைத்துப் பேசப்படுவது. இந்தத் தலையங்கம் அந்த மாளிகையைப் பற்றியது.

மாளிகை இன்று இடிந்து விழும் நிலையில் இல்லை. மின்தூக்கிகள் ஓடுகின்றன, மன்றம் கூடுகிறது, மக்கள் வரி கட்டவும் உரிமம் வாங்கவும் வந்து போகிறார்கள். இடையிடையே வெளிச்சுவரில் பழுதுபார்ப்பும் நடந்திருக்கிறது. அப்படியானால் எச்சரிக்கை எதற்கு? களஞ்சியத்தைப் பற்றிய எச்சரிக்கைக்கு நீதிமன்றம் காதுகொடுத்தபோது சுவர் ஏற்கெனவே தரையில் கிடந்தது. அதற்கு இருபது ஆண்டு முன்னால் யாராவது கத்தியிருந்தால் பயன் இருந்திருக்கும். மாளிகைக்கு அந்த இருபது ஆண்டு இன்னும் கையில் இருக்கிறது.

முதலில், எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று பார்த்துவிடுவோம். 1825-இல் ஈரி கால்வாய் திறந்ததும், அது ஏரியைத் தொடும் முனையில் இருந்த பஃபலோ பெருவாழ்வு வாழத் தொடங்கியது. மத்திய மேற்குச் சமவெளியின் கோதுமை கப்பலில் வந்து இங்கே இறங்கிக் கால்வாய்ப் படகில் ஏறி நியூயார்க் போனது. நீராவியால் இயங்கும் தானியத் தூக்கியை 1840-களின் தொடக்கத்தில் உலகுக்குத் தந்தது இந்த ஊர்தான். பின்னர் எஃகு ஆலைகள் வந்தன. பக்கத்திலிருந்த நயாகரா அருவியிலிருந்து மின்சாரம் வந்தது. 1930 கணக்கெடுப்பில் நகரத்தின் மக்கள்தொகை 5,73,076.

அந்தச் செழிப்பின் உச்சியில், 1929 செப்டம்பரில், மாளிகைக்கு மண் வெட்டினார்கள். அடுத்த மாதமே நியூயார்க் பங்குச்சந்தை சரிந்தது. உலகமே கையைப் பிசைந்து நின்ற அந்த இரண்டு ஆண்டுகளில் பஃபலோ வேலையை நிறுத்தவில்லை. 1931 நவம்பரில் மாளிகை திறக்கப்பட்டது. 1832-இல் நகரத் தகுதி பெற்றதன் நூற்றாண்டையொட்டி, 1932 ஜூலை 1-இல் முறைப்படி நாட்டுக்கு அர்ப்பணித்தார்கள். செலவு ஏறத்தாழ 68 லட்சத்து 50 ஆயிரம் டாலர். வரைந்தவர்கள் ஜான் வேடும் ஜார்ஜ் டீட்டலும்.

32 மாடி, 398 அடி. அடியில் அகன்று, மேலே போகப் போகப் படிப்படியாக உள்வாங்கி, உச்சியில் வண்ணச் சுடுமண் ஓடுகளால் முடி சூடி நிற்கும் உருவம். எட்டுப் பெருந்தூண்கள் தாங்கும் முகப்புக்கு மேலே, நகரத்தின் தொழிலையும் வாழ்வையும் சொல்லும் நீண்ட புடைப்புச் சிற்பப் பட்டை. அது ஆல்பர்ட் ஸ்டூவர்ட் செதுக்கியது. சுவர் மணற்கல்லும் சுண்ணக்கல்லும். உச்சி ஓடுகளின் வடிவங்களில் அந்த மண்ணின் பூர்வகுடிகளான இரோக்வா மக்களின் கோலங்களைத் தழுவிய சாயல் உண்டு. பாரிஸில் 1925-இல் நடந்த அலங்காரக் கலைக் கண்காட்சியிலிருந்து கிளம்பிய பாணி, கடல் கடந்து வந்து அந்த ஊர் மண்ணின் நிறத்தைப் பூசிக்கொண்ட விதம் இது. மும்பை மரீன் டிரைவின் ஆர்ட் டெக்கோ வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சங்கதி புரியும். பாணி ஒன்றுதான், அங்கே அது கடற்கரைக் குடியிருப்பாகச் சிரிக்கிறது, இங்கே கோபுரமாக நிமிர்கிறது.

உள்ளே நுழைந்தால் வில்வளைவுக் கூரையின் கீழ் வில்லியம் டி லெஃப்ட்விச் டாட்ஜ் தீட்டிய சுவரோவியங்கள். வாஷிங்டன் காங்கிரஸ் நூலகத்திலும் ஆல்பனியிலுள்ள மாநில சட்டமன்ற மாளிகையிலும் ஓவியம் தீட்டியவர் அவர். இங்கே அவர் வரைந்த பெரிய ஓவியங்களில் ஒன்று, கோட்டை கொத்தளம் எதுவும் முறைத்து நிற்காத எல்லையைப் பற்றியது. அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் இடையிலான எல்லைதான் அது. மாளிகைக்கு நான்கு ஆண்டு முன்பு, 1927-இல், அதே ஊரில் நயாகரா ஆற்றின் மேல் கட்டிய பாலத்துக்கு அமைதிப் பாலம் என்று பெயர் வைத்திருந்தார்கள். சுங்கவரிச் சண்டையும் இணைப்பு மிரட்டலும் இரு நாடுகளுக்கும் நடுவே கசப்பைக் கிளப்பிய 2025-க்குப் பிறகு, வாசலில் நுழையும் ஒவ்வொருவரின் தலைக்கு மேலும் அந்த ஓவியம் பேசுவதற்கு முன்பைவிட இன்று அர்த்தம் கூடுதல்.

பதின்மூன்றாம் மாடியில் மன்றம். அரைவட்டமாகப் படிப்படியாக இறங்கும் இருக்கைகள். தலைக்கு மேலே கதிர் விரிக்கும் சூரியனாக வண்ணக் கண்ணாடிக் கூரை. கீழே குப்பைவண்டி ஒப்பந்தம் பற்றிய வாக்குவாதம் நடந்தாலும் மேலே அந்தச் சூரியன் எரிந்துகொண்டிருக்கும்.

அழகோடு நின்றுவிடவில்லை கட்டியவர்கள். ஏரிக்காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசும் என்பதால், மேற்குப் பக்கத்தில் பெரிய காற்றுவாய்கள் வைத்தார்கள். அவற்றில் நுழையும் காற்று குழாய் வழியே அடித்தளத்துக்கும் கீழே இறங்கி, மண்ணின் குளிர்ச்சியை வாங்கிக்கொண்டு மாடிகளுக்குப் பரவும்படி அமைப்பு. மின்சாரம் இல்லாத குளிரூட்டல். சன்னல்களை உள்பக்கமாகத் திறக்கும்படி அமைத்ததால், துடைப்பவர் அந்தரத்தில் தொங்க வேண்டியதில்லை. துடைக்கும் தொழிலாளியின் உயிரை யோசித்து வரைந்த கட்டடம் இது.

இனி ஆபத்துக்கு வருவோம். கட்டடத்துக்கு முதல் எதிரி தண்ணீர். அதிலும் பஃபலோவின் தண்ணீர் இரட்டை வேடம் போடுவது. ஏரியின் ஈரத்தை அள்ளிக்கொண்டு வரும் காற்று குளிர்காலம் முழுக்கப் பனியாய்க் கொட்டுகிறது. பகலில் உருகிய நீர் கல்லின் மயிரிழை விரிசலில் புகும், இரவில் உறையும். உறையும் நீர் பருமனில் ஏறத்தாழ 9 சதவீதம் வீங்கும். விரிசல் ஒரு நூல் அகலும். மறுநாள் இன்னும் கொஞ்சம் நீர் போகும். ஒரு குளிர்காலத்தில் இது எத்தனை தடவை நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பிறகு தொண்ணூறு குளிர்காலங்களால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

சுடுமண் ஓடு இன்னும் மோசம். அதன் மேல் மெருகு நீர்புகாதது. ஓட்டின் இணைப்பில் காரை உதிர்ந்தால் நீர் பின்பக்கமாய் உள்ளே போகும். மெருகு வெளியே வரவிடாது. உள்ளேயே கிடந்து உறைந்து முகத்தைப் பெயர்த்துத் தள்ளும். இதற்கெல்லாம் பின்னால் எஃகுச் சட்டம் இருக்கிறது. எஃகு துருப்பிடித்தால் துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். கல்லைத்தான் நெட்டித் தள்ளும். கீழேயிருந்து அண்ணாந்து பார்ப்பவனுக்கு இதில் எதுவும் தெரியாது. 398 அடி உயரத்தில் நடக்கும் அரிமானம் கண்ணுக்குத் தெரிவது, ஒரு துண்டு நடைபாதையில் வந்து விழும்போதுதான்.

கூரையில் ஓதம் ஏறினால் அடுத்த பலி ஓவியமும் கண்ணாடியும். வண்ணக் கண்ணாடியைப் பிடித்திருக்கும் ஈயப் பட்டை நாளாவட்டத்தில் தளரும். சுவரில் ஈரம் ஏறி இறங்கினால் வண்ணப்பூச்சு செதில் செதிலாக எழும்பும். ஆயிரம் பேர் தினமும் கதவைத் திறந்து மூடும் கூடத்தில் வெப்பமும் ஈரமும் ஒருபோதும் நிலையாக இருப்பதில்லை. அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் தூங்கும் ஓவியத்துக்கு இந்தத் தொல்லை கிடையாது. டாட்ஜின் ஓவியங்கள் உழைக்கும் ஓவியங்கள். அவற்றுக்குப் பராமரிப்பும் அந்த அளவுக்கு வேண்டும்.

இதையெல்லாம் செய்யப் பணம் எங்கே? சிக்கலின் நடுத்தண்டு இதுதான். 1930-இல் 5,73,076 பேருக்காகக் கட்டிய மாளிகையை, 2020 கணக்குப்படி 2,78,349 பேர் தாங்குகிறார்கள். 1959-இல் செயின்ட் லாரன்ஸ் கடல்வழி திறந்தபோது தானியக் கப்பல்கள் பஃபலோவைத் தாண்டிப் போகத் தொடங்கின. பிறகு எஃகு ஆலை ஒடுங்கியது. வரி கட்டுகிற தலை பாதியானது. ஓடுகள் பாதியாகவில்லை, சன்னல்கள் பாதியாகவில்லை.

1999-இல் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் மாளிகை ஏறியது. அதனால் பாதுகாப்பு வந்துவிட்டது என்று நினைத்தால் ஏமாந்து போவோம். அந்தப் பதிவேடு ஒரு மரியாதை. மத்திய அரசின் பணமோ அனுமதியோ சம்பந்தப்பட்ட திட்டம் வந்தால் ஒரு பரிசீலனை நடக்கும், அவ்வளவுதான். கூரையை ஒழுகாமல் பார்த்துக்கொள் என்று உரிமையாளரை அது கட்டாயப்படுத்தாது. இங்கே உரிமையாளர் நகராட்சியே. தனியார் கட்டடத்தின் காரை உதிர்ந்தால் நகராட்சி ஆய்வாளர் நோட்டீஸ் ஒட்டுவார். நகராட்சியின் காரை உதிர்ந்தால் யார் ஒட்டுவது?

பஃபலோவுக்கு இந்தப் பாடம் புதிதல்ல. ஃபிராங்க் லாயிட் ரைட் வடிவமைத்து 1906-இல் முடிந்த லார்கின் நிர்வாகக் கட்டடம், நவீன அலுவலகக் கட்டடக்கலையின் முன்னோடி என்று உலகமே பாடம் படிப்பது. வரி பாக்கிக்காக 1945-இல் அதை நகராட்சி எடுத்துக்கொண்டது. சில ஆண்டுகள் காலியாகக் கிடந்தது. உள்ளே இருந்ததையெல்லாம் களவாடினார்கள். கடைசியில் சொற்ப விலைக்கு விற்றார்கள். 1950-இல் இடித்தார்கள். லாரி நிறுத்தம் வரும் என்றார்கள், அதுவும் வரவில்லை. இன்று அங்கே கார்கள் நிற்கின்றன.

1929-இல் திறந்த ஆர்ட் டெக்கோ ரயில் முனையத்தையும் பாருங்கள். மாளிகைக்குக் கூடப்பிறந்த தங்கை என்றே சொல்லலாம். 1979-இல் கடைசி ரயிலும் அங்கிருந்து விலகிய பிறகு, விளக்குகளும் அலங்காரங்களும் கழற்றப்பட்டுப் போயின. கூரை வழியே பனி உள்ளே விழுந்தது. 1997-இல் ஒரு தன்னார்வ அமைப்பு அதை அடையாளத் தொகையாக ஒரு டாலர் கொடுத்து வாங்கியது. அன்று தொடங்கிய மீட்பு வேலை இன்னும் நடந்துகொண்டே இருக்கிறது. அந்த ஆண்டுகளின் அலட்சியம் செய்த சேதத்தை ஒரு தலைமுறை உட்கார்ந்து சரிசெய்கிறது.

மூன்று கட்டடங்கள், ஒரே கதை. முதலில் பராமரிப்பை அடுத்த ஆண்டுக்குத் தள்ளுவார்கள். அப்புறம் பூட்டுவார்கள், அல்லது வலை கட்டுவார்கள். பிறகு ஒரு நாள் காற்றோ நெருப்போ வரும். அன்று பொறியாளர் அறிக்கையில் அவசரம் என்ற சொல் வந்து உட்காரும். அந்தச் சொல்லை யாராலும் எதிர்த்து வாதாட முடியாது. பொதுமக்களின் உயிர் என்பார்கள், உண்மையும்கூட. ஆனால் அந்த அவசரத்தை முப்பது ஆண்டுகள் நிதானமாக வளர்த்தவர்கள் யார் என்று அந்த அறிக்கை சொல்லாது.

எதிர்வாதத்துக்கும் காதுகொடுக்க வேண்டும். பஃபலோ ஏழை நகரம். அதன் கிழக்குப் பகுதியில் 2022 மே மாதம் ஒரு பல்பொருள் அங்காடியில் இனவெறியன் பத்துப் பேரைச் சுட்டுக் கொன்றான். அதே ஆண்டு டிசம்பர் பனிப்புயலில் நகரமும் சுற்று வட்டாரமும் நாற்பதுக்கும் மேற்பட்டோரைப் பறிகொடுத்தன. பனி தள்ளும் வண்டி வாங்கப் பணம் தேடும் ஊரில் உச்சி ஓட்டுக்கு மெருகு பூசுவதா என்று ஒருவர் கேட்டால் அவரைக் கலை தெரியாதவர் என்று தள்ளிவிட முடியாது.

அந்தக் கேள்விக்குக் கணக்கிலேயே பதில் இருக்கிறது. இணைப்புக் காரையைப் புதுப்பிக்கச் சாரமும் கொத்தனாரும் போதும். தள்ளிப்போட்டால் ஓடுகளையே மாற்ற வேண்டும். ஒவ்வொன்றையும் அச்செடுத்துச் சூளையில் சுட வேண்டும். இன்னும் தள்ளிப்போட்டால் எஃகுச் சட்டத்தைத் திறக்க வேண்டும். முதல் செலவை மிச்சம் பிடித்தவர்களின் பிள்ளைகள் மூன்றாவது செலவைக் கட்டுவார்கள். ஏழை நகரம் என்பதாலேயே அந்த மூன்றாவது செலவு அதற்குக் கட்டுப்படியாகாது. இதோடு இன்னொன்று: காசு கேட்காமல் உயரத்துக்கு ஏற்றிவிட்டு ஏரியையும் ஆற்றையும் காட்டும் கோபுரம் இது. பணக்காரனுக்கு உயரமான இடங்கள் வேறு இருக்கும்.

ஆகவே நாம் வலியுறுத்துபவை இவை.

முதலாவது, ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை முழு வெளிச்சுவரையும் தொட்டுப் பார்த்து ஆய்வு. அதன் அறிக்கை பொதுவெளியில். இது ஆகாத காரியமல்ல. 1979-இல் நியூயார்க் நகரில் ஒரு பழைய கட்டடத்திலிருந்து பெயர்ந்து விழுந்த துண்டு, நடந்துபோன கல்லூரி மாணவியைக் கொன்றது. மறு ஆண்டே அந்நகரம் ஆறு மாடிக்கு மேற்பட்ட கட்டடங்களின் முகப்பை ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆய்வு செய்யச் சட்டம் போட்டது. அதே மாநிலத்தின் இன்னொரு நகரமான பஃபலோ தன் சொந்த மாளிகையில் அதைத் தொடங்க ஒரு சாவு தேவையில்லை.

இரண்டாவது, வேறு செலவுக்குத் தொடமுடியாத தனி நிதி. ஆண்டுதோறும் சிறு தொகை போதும்; ஆனால் பற்றாக்குறை ஆண்டில் முதலில் வெட்டப்படும் தலைப்பாக அது இருக்கக் கூடாது.

மூன்றாவது, வேலையைத் தெரிந்தவர்களிடம் கொடுப்பது. மலிவான ஒப்பந்தக்காரர் கல்லைவிடக் கெட்டியான சிமெண்ட் கலவையை இணைப்பில் அடைப்பார். கலவை நிற்கும், கல் நொறுங்கும். அழுக்கெடுக்க மணலை வீசிக் கல்லின் தோலை உரிப்பார். இந்தச் சேதத்தைத் தமிழர்களுக்கு விளக்கத் தேவையில்லை. நம் கோயில் தூண்களில் மணல் வீச்சு நடந்து, கல்வெட்டு எழுத்துகள் மழுங்கிப்போனதைப் பார்த்தவர்கள் நாம்.

நான்காவது, ஓவியங்களின் இன்றைய நிலையை அங்குலம் அங்குலமாகப் படமெடுத்துப் பதிவு செய்வது. எது எப்போது உதிர்ந்தது என்று ஒப்பிட அடிப்படை ஏடு இல்லாமல் எந்த மருத்துவமும் நடக்காது.

பராமரிப்பை நாள்காட்டியில் ஏற்றிவைக்கும் யோசனை நமக்கு அந்நியமானதல்ல. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கு என்று ஒரு வழக்கம் வைத்தார்கள். பக்தி ஒரு பக்கம் இருக்கட்டும். கட்டடப் பார்வையில் அது என்ன? கோபுரத்துக்குச் சாரம் கட்டுவதற்கு ஊரே ஒப்புக்கொண்ட தேதி. விரிசலில் வேர்விட்ட அரசங்கன்றைப் பிடுங்கவும், உதிர்ந்த சுதையை ஒட்டவும், கலசத்தை இறக்கிப் பார்க்கவும் ஒரு சாக்கு. அடுத்த தலைமுறைக் கொத்தனார் பழகவும் அதுவே பள்ளி. எல்லா ஊரிலும் ஒழுங்காக நடக்கிறது என்று சொல்லவில்லை. தவறினால் ஊர் கேட்கும் என்ற கூச்சமாவது அங்கே இருக்கிறது. மரபைக் காக்க உணர்ச்சியைவிடத் தேதிதான் அதிகம் உதவும்.

பஃபலோ எங்கோ இருக்கிற ஊர்தானே என்று ஒதுக்குவதற்கும் இல்லை. அதன் குதிர்கள் உள்ளிட்ட அமெரிக்கத் தானியக் களஞ்சியங்களின் படங்களை 1923-இல் தன் நூலில் போட்டு, புதிய யுகத்தின் கட்டடக்கலை இதுவே என்று ஐரோப்பாவுக்குச் சொன்னவர் லெ கொர்புசியே. பின்னாளில் சண்டிகரைக் கட்டியவரும் அவரே. அந்த ஊரில் ஒரு சுவர் விழுந்தால் நம் நாட்டுக் கட்டடக்கலை வரலாற்றிலும் ஒரு பக்கம் கிழிகிறது.

பஃபலோவின் நிதியாண்டு ஜூலை 1-இல் பிறக்கிறது. ஒன்பது உறுப்பினர்கள் பதின்மூன்றாம் மாடியில், அந்தக் கண்ணாடிச் சூரியனின் கீழ் உட்கார்ந்து நிதிநிலை அறிக்கைக்கு வாக்களிக்கிறார்கள். அதற்கு முன் அவர்கள் ஒரு வேலை செய்யலாம். மின்தூக்கியில் இருபத்தைந்தாம் மாடிக்குப் போய், அங்கிருந்து படியேறி இருபத்தெட்டாம் மாடிப் பார்வை மேடையில் ஐந்து நிமிடம் நிற்கட்டும். தெற்கே நீர்க்கரையில் களஞ்சியங்களின் வரிசை தெரியும். அந்த வரிசையில் 1897 முதல் நின்ற ஒன்று இப்போது இல்லை. பார்த்துவிட்டுத் திரும்பும்போது, தலைக்கு மேலிருக்கும் வண்ண ஓடுகளின் இணைப்பில் காரை இருக்கிறதா என்று அண்ணாந்து பார்க்கட்டும். பிறகு இறங்கி வந்து வாக்களிக்கட்டும்.